டாக்டரம்மா மிதித்தால்தான் வரும் சத்தம்

மூன்றாவது முறையாகக் காரைக் கொண்டுவந்து நிறுத்திய கொழுந்தன், சாவியை மேசை மேல் வைத்துவிட்டு, "ஒரு சத்தமும் இல்ல அண்ணி, வழுக்கிக்கிட்டுப் போகுது" என்று சொன்னபோது, டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சர். ஒரே ஒரு அறை, ஒரே ஒரு கார், ஒரே ஒரு ஆசிரியை. அதுதான் அவளுடைய பயிற்சிப் பள்ளி. அறையில் சாலைக் குறியீடுகள் அச்சிட்ட படம் ஒன்றும் நாலு நாற்காலிகளும் இருந்தன. காருக்குப் பதினேழு வயது. அதைத் தயாரித்த கம்பெனி அந்த மாடலையே நிறுத்தி ஒன்பது வருடமாகிறது. கூரையில் பயிற்சிப் பலகை, ஓட்டுகிறவர் பக்கம் மூன்று பெடல், டீச்சர் உட்காரும் பக்கம் இரண்டு பெடல். எத்தனையோ பேருடைய கால்களைப் பொறுத்துக்கொண்ட வண்டி அது.

அந்த வண்டிக்குத்தான் கண்டம் வந்திருந்தது. வருடாந்திர சோதனையில் போன வெள்ளிக்கிழமை தோற்றுப்போனது. பயிற்சிப் பள்ளி வண்டி என்றால் ஒரு விதி உண்டு; கற்றுக்கொள்கிறவர் ஒருவர் ஓட்ட, ஆய்வாளர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். அன்றைக்கு ஒரு வளைவில் பிரேக் போட்டதும் கீழேயிருந்து "டொக்" என்று ஒரு சத்தம். யாரோ அடியில் படுத்துக்கொண்டு விரல் முட்டியால் கதவைத் தட்டினது போல. ஆய்வாளர் அட்டையில் எழுதினார். முன்பக்க சஸ்பென்ஷனில் பழுது, ஒரு வாரத்தில் சரிசெய்து மறுபடி கொண்டுவர வேண்டும், இரண்டாம் முறையும் தோற்றால் அந்த வண்டியின் கூரையில் இனி பலகை வைக்கக் கூடாது.

பலகை போனால் பள்ளி போயிற்று. வேறு வண்டிக்கு வழியில்லை. கணவர் கப்பலில் சமையல்காரர். ஊர் திரும்ப இன்னும் நாலு மாதம். இங்கே இருப்பது கொழுந்தன் ஒருவன்தான். நல்ல வேளையாக அவன் மெக்கானிக்.

நல்ல மெக்கானிக்தான். ஐந்து நாட்களில் கீழ்க்கை, அதாவது சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்ம் என்கிற இரும்புக் கையை மாற்றினான். அடுத்து ஒரு இணைப்புக் கம்பி. அடுத்து ஷாக் அப்சார்பரின் மேல்மூடி. ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்க அவன் அலைந்த அலைச்சல் அவனுக்குத்தான் தெரியும். எல்லாம் டீச்சர் உட்காரும் பக்கத்துச் சக்கரத்தில். காரணம், டீச்சர் சொன்னது அது. "என் காலுக்கடியிலதான் தம்பி சத்தம் வருது. பதினோரு வருஷமா உட்கார்ற சீட்டு, எனக்குத் தெரியாதா?"

ஒவ்வொரு முறை மாற்றியதும் அவன் தானே ஓட்டிப் பார்ப்பான். சத்தம் வராது. டீச்சரும் ஓட்டிப் பார்ப்பாள். வராது. மறுநாள் யாராவது மாணவர் ஏறி உட்கார்ந்து ஓட்டினால், "டொக்."

"உங்க வண்டிக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரிஞ்சிருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தன் போய்விட்டான். டீச்சர் நாட்காட்டியைப் பார்த்தாள். புதன்கிழமை காலை. வெள்ளிக்கு நடுவில் ஒரே ஒரு நாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்தாள்.

டாக்டரம்மா பல் மருத்துவர். நாற்பத்தைந்து வயது, கையில் அப்படியொரு நிதானம். வலிக்காமல் பல்லைப் பிடுங்குவாள் என்று பேர். காலில் மட்டும் நிதானம் கிடையாது. அவள் பிரேக் போட்டால் காரில் இருக்கிற அத்தனை பேரும் எதிரே வருகிறவருக்கு வணக்கம் வைப்பார்கள். மூன்று முறை லைசென்ஸ் தேர்வுக்குப் போய் மூன்று முறையும் தோற்றவள். மற்ற மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பேர் 'சடன் பிரேக்'. அது டாக்டரம்மாவுக்கும் தெரியும். "என் கிளினிக்குல எனக்கு இதைவிட மோசமான பேரெல்லாம் உண்டு டீச்சர்" என்று சிரிப்பாள்.

அன்றைக்கும் தபால் நிலைய வளைவில் ஒரு மிதி. டீச்சரின் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது. கூடவே, டொக்.

"கேட்டீங்களா? என் காலுக்கடியில" என்றாள் டீச்சர்.

"கேட்டுச்சு. ஆனா அது என் காலுக்கடியில டீச்சர்."

டீச்சர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கற்றுக்கொள்கிறவர்கள் சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டால் ஆகுமா? வைப்பர் சத்தத்தைக் கேட்டுவிட்டு டயர் வெடித்துவிட்டது என்று நடுரோட்டில் இறங்கி ஓடியவரெல்லாம் இந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பார்த்து ஓட்டுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரம்மா ஓட்டவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, இந்தப் பக்கம்தான் பழுது என்று யார் கண்டுபிடித்தது எனக் கேட்டாள். நான்தான் என்றாள் டீச்சர். மெக்கானிக் தானாகப் பார்த்துச் சொன்னாரா, நீங்கள் சொன்னதைக் கேட்டுச் செய்தாரா? டீச்சர் கொஞ்சம் யோசித்து, நான் சொன்னதைக் கேட்டுத்தான் என்றாள்.

"எங்கிட்ட வர்றவங்களும் அப்படித்தான் டீச்சர். கீழ்ப்பல்லுல விரலை வெச்சு, இதேதான் டாக்டர், ராத்திரியெல்லாம் தூங்கலம்பாங்க. சத்தியம் பண்ணுவாங்க. தட்டிப் பார்த்தா மேல்பல்லு. வலி இருக்கிற இடம் வேற, வலி தெரியிற இடம் வேற. அவங்க காட்டினதைப் பிடுங்கியிருந்தா இன்னைக்கு ஊர்ல பாதிப் பேருக்கு நல்ல பல்லு இருக்காது."

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஐந்து நாட்களில் மூன்று நல்ல பல்லைப் பிடுங்க வைத்திருக்கிறோமோ? உடனே பட்டறைக்கு விடுங்கள் என்றாள்.

பட்டறையில் கொழுந்தன் கையில் கிரீஸோடு விழித்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கும் ஒன்று உறைத்தது. தான் ஓட்டினால் ஏன் சத்தம் வருவதில்லை? அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளே அண்ணிதான். இரண்டு பேருக்கும் ஒரே கால். வளைவு வருவதற்குள் வேகத்தைக் கரைத்துவிடுவார்கள். வண்டிக்கு வலிக்கவே வலிக்காது. இந்த நோயைக் கண்டுபிடிக்க மோசமாக ஓட்டுகிற ஆள் வேண்டும். ஊரிலேயே அதற்குத் தகுந்த ஆள் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எப்பவும் ஓட்டற மாதிரியே ஓட்டணும். கொஞ்சமும் திருத்திக்கக் கூடாது."

"இப்படி ஒருத்தர் எங்கிட்ட கேட்டதே இல்ல" என்றாள் டாக்டரம்மா.

சந்தைக்குப் பின்னால் லாரிகள் திரும்பும் வெற்றிடம் ஒன்று இருந்தது. டாக்டரம்மா ஓட்ட, டீச்சர் பக்கத்தில் உட்கார, கொழுந்தன் பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் மடங்கிப் படுத்துக்கொண்டான். கையில் ஒரு முழ நீள ரப்பர் குழாய். ஒரு முனை காதில், மறுமுனை தரையில், முதலில் டீச்சர் பக்கம். டாக்டரம்மா வளைத்தாள், மிதித்தாள். டொக். கொழுந்தனின் தலை முன்சீட்டில் போய் முட்டியது. அவன் முனகிக்கொண்டே குழாயை அந்தப் பக்கம் மாற்றினான். இன்னொரு வளைவு, இன்னொரு மிதி, இன்னொரு முட்டு.

சிறிது நேரம் பின்னால் இருந்து சத்தமே இல்லை. ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று டீச்சர் திரும்பிப் பார்த்தாள்.

"காதுக்குள்ள சுத்தியல் அடிச்ச மாதிரி இருக்கு அண்ணி" என்றான் அவன். "டாக்டரம்மா பக்கம்தான்."

பட்டறைக்குத் திரும்பி, கடப்பாரையைக் கொடுத்து நெம்பியபோது எல்லாம் தெரிந்துவிட்டது. இரும்புக் கை வண்டியோடு சேரும் இடத்தில் புஷ் என்று ஒன்று உண்டு. இரும்பு வளையத்துக்குள் தடித்த ரப்பர். வெளியே பார்க்க முழுசாக இருந்த அந்த ரப்பர், உள்ளே இரும்பை விட்டு முழுவதுமாகப் பிரிந்திருந்தது. அழுத்தி மிதிக்கும்போது மட்டும் சக்கரம் பின்னால் போய் இடித்துக்கொண்டு வந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு, ஆடுகிற பல்தான், சந்தேகமே இல்லை என்றாள்.

முதலிலேயே இந்தப் பக்கத்தை ஏன் பார்க்கவில்லை என்று டீச்சர் கேட்டாள். கொழுந்தன் கடப்பாரையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"டார்ச் அடிச்சுப் பார்த்தேன் அண்ணி. நெம்பிப் பார்க்கல. நீங்க அடிச்சுச் சொன்னீங்க. நீங்க சொல்லி எது தப்பா இருந்திருக்கு?"

அவன் குத்தலாகச் சொல்லியிருந்தால் டீச்சர் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். அவன் உண்மையாகவே சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பாகம் தேடும் படலம் தொடங்கியது. கழற்றிய இரும்புக் கையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் கொழுந்தனின் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். புது உதிரி விற்கும் கடைகள் எல்லாவற்றிலும் ஒரே பதில்தான். ஒரு கடைக்காரர் கணினியில் மாடல் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அனுதாபத்தோடு டீச்சருக்கு உட்கார நாற்காலி போட்டார். அந்த நாற்காலியே பதில்.

கடைசியில் பழைய கார்களை உடைத்து விற்கும் யார்டு. ஒன்றின்மேல் ஒன்றாகக் கார்கள்; கதவுகள் தனி மலை, கண்ணாடிகள் தனி மலை. யார்டு முதலாளி, கதவில்லாத ஒரு வேனுக்குள் மின்விசிறி வைத்துக்கொண்டு அலுவலகம் நடத்தினார். கொழுந்தனை அவருக்கு நன்றாகத் தெரியும். வந்த விஷயத்தைக் கேட்டதும், எந்தப் பக்கம் என்று கேட்டார். ஓட்டுகிறவர் பக்கம் என்றதும் உதட்டைப் பிதுக்கினார்.

"பக்கத்து சீட்டுப் பக்கம்னா பத்து தரேன். ஓட்டறவர் பக்கம் ஒண்ணுகூடத் தேறாது. எல்லாரும் தனியாத்தானே ஓட்டறாங்க? சுமை முழுக்க அந்தப் பக்கம். அந்தப் பக்கம்தான் முதல்ல சாகும், வர்றவன் எல்லாம் அதைத்தான் கேப்பான்."

அவர் சொன்னது சரி. அந்த மாடலில் நாலு கார் நின்றன. நாலிலும் ஒரு பக்கச் சக்கரம் இருந்த இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. கொழுந்தன் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, ஒவ்வொன்றாக நிமிர்ந்தான். ஐந்தாவதாக ஒன்று சுவரோரமாகக் கொடி படர்ந்து நின்றது. சக்கரங்கள் நாலும் அப்படியே இருந்தன. அவன் அந்தப் பக்கம் போகக்கூட இல்லை.

ஏன் அதை விட்டுவிட்டாய் என்று டீச்சர் கேட்டாள். முதலாளி முந்திக்கொண்டார். அது வேறு தேசத்திலிருந்து யாரோ கப்பலில் இறக்கியது, மாற்று ஸ்டீயரிங், நம் வண்டி எதற்கும் சேராது, எட்டு வருடமாக இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்றார். கொழுந்தனும் தலையாட்டினான். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. மாற்று ஸ்டீயரிங் என்றால் கைவைப்பதில்லை.

வேறு யார்டு ஏதாவது இருக்கிறதா என்று ஆண்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு நிற்க முடியவில்லை, கால் கடுத்தது. கொடியை விலக்கி, அந்தக் காரின் கதவைத் திறந்து, பழக்கதோஷத்தில் தான் எப்போதும் உட்காரும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். எதிரே ஸ்டீயரிங்.

வேடிக்கையாக இருந்தது. பதினோரு வருடமாக இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டீயரிங்கை மனசால் திருப்பியிருக்கிறாள். இங்கே அது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. காலுக்கடியில் பெடல். அதில் ஒன்றும் புதுமையில்லை. அவள் காரிலும் இந்தப் பக்கம் பெடல் உண்டே. அதை வைத்தபோது கொழுந்தன் ஸ்டீயரிங்கையா தொட்டான், சக்கரத்தையா தொட்டான்? எதையும் தொடவில்லை. உள்ளே யார் எங்கே உட்கார்ந்தால் வெளியே இருக்கிற சக்கரத்துக்கு என்ன?

"தம்பி, இங்க வா" என்று கூப்பிட்டாள். "ஸ்டீயரிங்தான் இந்தப் பக்கம் வந்திருக்கு. சக்கரமுமா பக்கம் மாறி வந்திருக்கு?"

கொழுந்தன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி வானத்தைப் பார்த்தார். அவன் சாக்கை உதறி இரும்புக் கையை எடுத்துக்கொண்டு, சட்டை அழுக்காவதையும் பார்க்காமல், அந்தக் காருக்கு அடியில் புகுந்தான்.

டீச்சர் இறங்கி நின்றாள். வெளியே அவன் காலணிகள் மட்டும் தெரிந்தன. இரும்போடு இரும்பு உரசும் சத்தம். முதலாளி, எதற்கும் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன், நீங்கள் என்ன தொழில் என்றார். டிரைவிங் டீச்சர் என்றாள் அவள். அவர் மரியாதையாக ஒரு அடி தள்ளி நின்றார்.

"அண்ணி." குரல் அடியிலிருந்து வந்தது. "ஓட்டைக்கு ஓட்டை அப்படியே பொருந்துது. ரப்பர்ல நகம் வெச்சு அழுத்திப் பார்த்தேன், ஒரு வெடிப்பு இல்ல. இந்தக் காரை ஓட்டினவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கார். இந்தப் பக்கம் வாழ்நாள் முழுக்க காலியாவே போயிருக்கு."

கழற்றி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் முதலாளி ஓர் ஆளைக் கூப்பிட்டு, அந்தக் காரைச் சுற்றிய கொடியை வெட்டச் சொல்லிவிட்டார். எட்டு வருடமாகக் குப்பை என்று நினைத்தது இப்போது யார்டிலேயே பெரிய புதையல்.

அன்று பிற்பகல் பட்டறையில் இரும்புக் கை மாட்டியாயிற்று. ஆனால் கடைசி போல்ட்டை முடுக்காமல் கொழுந்தன் வண்டியை, அடியில் நின்று வேலை பார்க்கும் குழிக்கு மேல் இறக்கி நிறுத்தினான். சக்கரம் தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், தரையில் இறங்கியதும் கிழிய ஆரம்பிக்கும். வண்டி எப்படி ஓடுமோ அந்தச் சுமையோடு இருக்கும்போதுதான் முடுக்க வேண்டும் என்றான். ஆகவே இரண்டு சீட்டிலும் ஆள் வேண்டும். மறுநாள் சோதனையில் வண்டியை ஓட்ட எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டுப் போக வந்த டாக்டரம்மா, வெள்ளைக் கோட்டோடு ஓட்டுகிற சீட்டில் உட்காரவைக்கப்பட்டாள்.

"அசையாதீங்க ரெண்டு பேரும்" என்றது குழிக்குள்ளிருந்து குரல்.

அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது பேசத்தானே தோன்றும்? லைசென்ஸ் எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று டீச்சர் கேட்டாள். எழுந்து நடக்க முடியாத பெரியவர்கள் இருக்கிறார்கள், கிளினிக்குக்கு வர முடியாமல் மாதக்கணக்கில் பல்வலியோடு கஞ்சி குடிக்கிறார்கள், கருவிகளைக் காரில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே போய்ப் பார்க்க ஆசை என்றாள் டாக்டரம்மா. டாக்ஸிக்காரர்கள் மூன்று மணி நேரம் வாசலில் காத்திருக்க மாட்டேன் என்கிறார்களாம்.

எட்டு மாதமாகக் கற்றுக்கொடுக்கிறோம், இதைக்கூடக் கேட்கவில்லையே என்று டீச்சருக்குத் தோன்றியது. இன்னொன்றும் கேட்டதில்லை.

"பிரேக்கை ஏன் அப்படி மிதிக்கிறீங்க டாக்டர்?"

டாக்டரம்மா தன் காலைப் பார்த்தாள். "என் டிரில்லுக்கும் கால்லதான் பெடல் டீச்சர். நோயாளி முகம் சுளிச்சா கண்ணிமைக்கிற நேரத்துல காலை எடுத்தாகணும். இருபது வருஷமா என் காலுக்கு ரெண்டே வேலைதான் தெரியும். முழுசா மிதி, முழுசா எடு."

டீச்சரும் அந்தக் காலைப் பார்த்தாள். மெதுவாக, மெதுவாக என்று ஆயிரம் தடவை அந்தக் காலை அதட்டியிருக்கிறாள். அது என்ன வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறது என்று கேட்டதே இல்லை.

குழிக்குள்ளிருந்து ஏறி வந்த கொழுந்தன் கையைத் துடைத்துக்கொண்டே அண்ணியைத் தனியாக அழைத்தான். நாளைக்கு ஆய்வாளர் முன்னால் ஓட்ட, அந்த வங்கியில் வேலை பார்க்கிற பையனைக் கூட்டிப்போகலாமே, பூ மாதிரி ஓட்டுகிறானே, எதற்கு வம்பு என்றான்.

ஆசையாகத்தான் இருந்தது. டீச்சர் ஒரு நிமிடம் யோசித்தாள். பூ மாதிரி ஓட்டினால் போன வெள்ளிக்கிழமையே தேறியிருக்கும். உள்ளே ரப்பர் பிரிந்தபடியேதான் இருந்திருக்கும். அந்தச் சக்கரத்துக்கு மேல் நாளைக்கு யாருடைய பிள்ளையோ உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொள்ளும்.

"அவங்க மிதிச்சு சத்தம் வரலைன்னாத்தான் தம்பி சரியாச்சுன்னு அர்த்தம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை சோதனைத் திடலில் ஆய்வாளர் பின்சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டி, எழுதும் அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மா வண்டியை எடுத்தாள். டீச்சர் தன் பக்கத்துப் பெடலில் கால் படாதபடி முழங்காலை ஒடுக்கிக்கொண்டாள்.

முதல் வளைவு. மிதி. அட்டை ஆய்வாளரின் மடியிலிருந்து பறந்து, முன்சீட்டின் முதுகில் பட்டு, தரையில் விழுந்தது. டீச்சரின் காதுக்கு எட்டியது அந்த அட்டை விழுந்த சத்தம் ஒன்றுதான்.

இன்னொரு முறை, கொஞ்சம் வேகமாக என்றார் ஆய்வாளர். இன்னொரு முறை. பேனாவும் போயிற்று. கீழே நிசப்தம். மூன்றாவது முறை, எதிர்ப் பக்க வளைவில். டாக்டரம்மா தன் இருபது வருட அனுபவத்தையும் திரட்டி மிதித்தாள். வண்டி குனிந்து நிமிர்ந்தது. அவ்வளவுதான். ஒரு முனகல்கூட இல்லை.

ஆய்வாளர் கீழே கிடந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இந்த வண்டிக்கு ஒண்ணுமில்ல. இதுக்கு மேலயும் எனக்கு சந்தேகம் வந்தா என் கழுத்து தாங்காது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

திடலின் ஓரத்தில் நின்றிருந்த கொழுந்தன், காகிதத்தை அண்ணி உயர்த்திக் காட்டியதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். டாக்டரம்மா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் திரும்பினாள். "அப்ப நானும் பாஸா டீச்சர்?"

"பாஸானது வண்டி. உங்க லைசென்ஸ் தேர்வு புதன்கிழமை." டீச்சர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, இந்தத் தடவை 'மெதுவாக' என்று சொல்லவில்லை. "டாக்டர், ஊசி போடும்போது மருந்தை எப்படி ஏத்துவீங்க?"

டாக்டரம்மா கட்டைவிரலைத் தூக்கி, இல்லாத ஊசியை அழுத்திக் காட்டினாள். ஒரே சீராக, மிக நிதானமாக, வலிக்காமல். பாதி அழுத்தியதும் விரல் நின்றது. அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

"அந்த விரலைக் காலுக்கு அனுப்புங்க" என்றாள் டீச்சர்.

வண்டி திடலை விட்டு வாசலை நோக்கி நகர்ந்தது. வாசலில் ஒரு லாரி குறுக்கே வந்தது. எப்போதும்போல ஒரு குலுக்கல் வரும் என்று மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு டீச்சர் காத்திருந்தாள். லாரி போயிற்று. ஜன்னலுக்கு வெளியே இருந்த கம்பம் அசையாமல் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்த பிறகுதான், வண்டி எப்போதோ நின்றுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.